எட்டு நண்பர்கள், இரண்டு அடுப்பு, ஒரு சட்டி மீன்குழம்பு

சேலத்திலிருந்து மாற்றலாகி மார்த்தாண்டம் பக்கம் வந்து ஒரு வருடம் ஆகிறது. வாடகை வீடு, இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு. ஞாயிறு இரவு அலுவலக நண்பர்கள் எட்டுப் பேர் சாப்பிட வருகிறார்கள், அதில் இருவர் சைவம். 1,500 ரூபாய்க்குள் முடியவேண்டும். சிக்கன் பிரியாணியைக் கொஞ்சம் குறைத்துச் செய்தால் போதுமா? நீங்கள் கேட்டது இது. ஆனால் கடைசியில் "கஞ்சத்தனம் பண்ணுகிறேன் என்று நினைத்துவிடக் கூடாது" என்று போகிறபோக்கில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். உண்மையான கேள்வியே அந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது. மெனுவை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். கையில் இருக்கிற காசுக்குள், வந்தவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே, பரிமாறும்போது கை நடுங்காமல் எப்படிப் போடுவது என்பதற்குத்தான் பதில் வேண்டும்.

நான் கேட்டரிங் டிப்ளமோ படித்து, திருவனந்தபுரத்தில் ஓட்டல் சமையலறைகளில் பத்து வருடம் நின்றவன். அதற்குப் பிறகு 18 வருடமாகக் குழித்துறையைச் சுற்றிக் கல்யாணம், சடங்கு, புதுமனைப் புகுவிழா என்று ஆக்குப்புரையில்தான் (விருந்துச் சமையல் கொட்டகையில்) வாழ்க்கை. ஐந்நூறு பேருக்கு ஆக்குவதைவிட எட்டுப் பேருக்கு ஆக்குவது சிரமம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஐந்நூறு பேருக்கு என்னோடு பன்னிரண்டு கைகள் உண்டு. எட்டுப் பேருக்கு உங்கள் இரண்டு கை மட்டும்தான். அதிலும் ஒரு கை வாசல் கதவைத் திறக்கப் போய்விடும்.

பிரியாணியைக் குறைத்துச் செய்வது வேண்டாம். பிரியாணியில் கறியைக் குறைத்தால் முதல் கரண்டியிலேயே தெரிந்துவிடும். எல்லாரும் தட்டைக் கிளறிக் கறியைத் தேடுவார்கள். விலை கூடின சாப்பாட்டைக் கை சுருக்கிச் செய்தால்தான் கஞ்சத்தனம் என்ற பேச்சே வரும். விலை குறைந்த சாப்பாட்டைக் கைநிறைய அள்ளிப் போட்டால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. போதாததற்குப் பிரியாணி தம் உடைக்கும்வரை அது என்ன ஆனதென்று தெரியாது. அரிசி குழைந்துவிட்டால் உங்களிடம் மாற்று ஏற்பாடு எதுவும் இருக்காது.

அதேபோல் தோசை, சப்பாத்தி, பூரி, ஆப்பம் நான்கையும் அடியோடு மறந்துவிடுங்கள். ஓட்டல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நண்பன் வீட்டில் பன்னிரண்டு பேருக்கு ஆப்பமும் முட்டைக்கறியும் போடுகிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். ஆப்பச்சட்டி ஒன்று. ஒரு ஆப்பத்துக்கு மூன்று நிமிடம். ஆளுக்கு நான்கு என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் அடுக்களையில் வியர்த்து நின்று, பத்தரை மணிக்கு ஆறிப்போன குழம்பைத் தனியாகச் சாப்பிட்டேன். அன்றிலிருந்து என் கணக்கு ஒன்றுதான்: விருந்தாளி உட்கார்ந்த பிறகு அடுப்பில் நின்று செய்யவேண்டியது எதுவும் மெனுவில் இருக்கக்கூடாது. பப்படம் பொரிப்பதைக்கூட அரை மணி முன்னால் முடித்துக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிட வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? மரச்சீனிக்கிழங்கு மயக்கியது (தேங்காய் சேர்த்து மசித்தது), குடம்புளி (காய்ந்து கருத்த புளிச் சுளை) போட்ட மீன்குழம்பு, உள்ளித்தீயல் (வறுத்த தேங்காய் அரைத்த சின்ன வெங்காயக் குழம்பு), பப்படம், மோர், கடைசியில் மட்டிப்பழமும் கருப்பட்டிக் காப்பியும். இவ்வளவு போதும். நீங்கள் மரவள்ளி என்று சொல்வதைத்தான் நாங்கள் மரச்சீனி என்கிறோம். சேலத்துக்காரருக்கு அதை அறிமுகம் செய்யவேண்டியதில்லை. உங்கள் ஊரில் அது ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது, எங்கள் ஊரில் சட்டிக்குப் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். 1956 நவம்பர் 1 வரை இந்த ஊரெல்லாம் திருவிதாங்கூர்ப் பக்கத்தைச் சேர்ந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாதான் இந்தக் கிழங்கை இங்கே பரவலாகப் பயிரிட வைத்தவர். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-இல் தொடங்கின மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம், தான் வெளியிட்ட ஒரு ரகத்துக்கு ஸ்ரீ விசாகம் என்றே பெயர் வைத்தது. 1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது, இந்தப் பக்கத்து வயிறுகளைக் காப்பாற்றியது இந்தக் கிழங்குதான். அதனாலேயே என் அம்மா தலைமுறைக்கு அதை விருந்தாளிக்குப் போட வெட்கம். வந்தவருக்குச் சோறு போட்டுவிட்டுக் கிழங்கை அடுக்களையில் வைத்துத் தின்பார்கள். இன்றைக்கு அதே கிழங்கையும் மீனையும் வாழையிலையில் வைத்துப் பெரிய ஓட்டல்களில் கொடுக்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்த நீங்கள் இதைச் செய்துபோட்டால், உள்ளூர் நண்பர்கள் யாரும் செலவை நினைக்கமாட்டார்கள். "இதை எங்கே கற்றீர்கள்?" என்றுதான் கேட்பார்கள்.

கிழங்கு வாங்குவதில் மட்டும் கவனம் வேண்டும், ஏனென்றால் விருந்து நிற்பதும் விழுவதும் அதில்தான். பிடுங்கி இரண்டு மூன்று நாளிலேயே மரச்சீனி கெடத் தொடங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சந்தையில் ஒரு கிழங்கின் நுனியை ஒடித்துக் காட்டச் சொல்லுங்கள். சடக்கென்று ஒடிந்து உள்ளே வெள்ளைவெளேரென்று இருந்தால் எடுக்கலாம். நீலமாகவோ கருப்பாகவோ கோடு ஓடியிருந்தால் அந்தக் குவியலையே விட்டுவிடுங்கள். பிறகு நகத்தால் மேல்தோலைக் கீறிப் பாருங்கள். தவிட்டு நிறத் தோலுக்கு அடியில் லேசான ரோஜா நிறப் பட்டை ஈரமாக, எளிதாகப் பிரிந்து வரவேண்டும். ஒட்டிக்கொண்டு வராமல் நின்றால் அது பழசு. எவ்வளவு நேரம் வைத்தாலும் சரியாக வேகாது. ஒன்பது பேருக்கு மூன்று கிலோ வாங்குங்கள். தோலில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், மிச்சம் சரியாக இருக்கும்.

உரிக்கும்போது கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, கட்டைவிரலை உள்ளே கொடுத்து நெம்பினால் பட்டை சுருளாகக் கழன்றுவிடும், சீவிக்கொண்டிருக்க வேண்டாம். சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில், மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். இது ருசிக்காகச் சொல்வதில்லை. மரச்சீனியில் லினாமரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதிலிருந்து சயனைடு உண்டாகும். சின்னத் துண்டும் நிறையத் தண்ணீரும் அதைப் பெரும்பாலும் வெளியேற்றிவிடும். குக்கரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி விசில் விட்டு அப்படியே மசிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம். வாயில் வைத்ததும் கசந்தால் அந்தக் கிழங்கைத் தூக்கிப் போடுங்கள், வாதாட வேண்டாம். வடித்த பிறகு, ஒன்றரைத் தேங்காய்த் துருவல், பச்சை மிளகாய் எட்டு, பூண்டு ஏழெட்டுப் பல், சீரகம் இரண்டு தேக்கரண்டி, மஞ்சள் ஒரு தேக்கரண்டி சேர்த்து ஒன்றிரண்டாகச் சதைத்து, சூடான கிழங்கில் உப்போடு கொட்டிச் சிறுதீயில் அகப்பையால் மயக்குங்கள். மாவாக ஆக்கிவிடாதீர்கள், இடையிடையே துண்டு தெரியவேண்டும். தேங்காயெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, வற்றல் மிளகாய் தாளித்து மேலே ஊற்றினால் முடிந்தது. இதற்குப் பத்து லிட்டர் பாத்திரம் வேண்டும். வீட்டில் இருக்காது, பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டால் கிடைக்கும். பாத்திரத்தோடு ஆலோசனையும் சேர்ந்து வரும், வாங்கிக்கொள்ளுங்கள்.

மீன் விஷயத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு சிக்கல். நம் குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்கள் பெரும்பாலும் கத்தோலிக்க ஊர்கள். ஞாயிறு கடலுக்குப் போகாமல் இருப்பது அங்கே பழைய வழக்கம். ஆகவே ஞாயிறு சந்தையில் இருப்பது அநேகமாக முந்தைய நாள் மீனோ, வெளியூரிலிருந்து பெட்டியில் வந்ததோதான். விருந்தைச் சனிக்கிழமைக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் சனிக்கிழமையே மீன் வாங்கி அன்று சாயங்காலமே குழம்பு வைத்துவிடுங்கள். அப்புறம், மாதத்தையும் பார்க்கவேண்டும். விசைப்படகுகளுக்குச் சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் தடைக்காலம். அந்த நாட்களில் பெரிய மீன் விலை எட்டாது. ஆனால் வள்ளக்காரர்கள் (நாட்டுப்படகுக்காரர்கள்) கொண்டுவரும் சாளையும் (மத்தி) நெத்திலியும் அப்போதும் வரும்.

உங்களுக்கு நான் சொல்வது அயிலை (கானாங்கெளுத்தி) அல்லது சாளை. வஞ்சிரம் வேண்டாம். அதன் விலைக்கு ஆளுக்கொரு துண்டுதான் தேறும், மறுபடி பிரியாணிக் கதைதான். ஏழு பேர் மீன் சாப்பிடுவார்கள் என்று வைத்துக்கொண்டால் ஒன்றரைக் கிலோ முழுமீன் வாங்கினால் தலை, குடல் போக ஒரு கிலோ நிற்கும். கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா என்பதை எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்வது ஐஸைப் பற்றி. அயிலை, சாளை, சூரை மூன்றும் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். முகம் சிவக்கும், தடிப்பு வரும், தலை வலிக்கும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. ஆகவே ஐஸில் புதைத்து வைத்து விற்பவரிடம் வாங்கி, நேராக வீட்டுக்கு வந்துவிடுங்கள். வழியில் சாயா குடிக்க நிற்கவேண்டாம்.

எங்கள் வீட்டு மீன்குழம்பு தேங்காய் அரைத்துவிட்டது, மாங்காயோ முருங்கைக்காயோ போட்டது. ருசியில் அதற்கு ஈடில்லை என்பேன், ஆனால் பச்சைத் தேங்காய்க் குழம்பு மறுநாள் தாங்காது. உங்களுக்குச் சரிப்படுவது கோட்டயம் பக்கத்துத் தேங்காய் இல்லாத சிவப்புக் குழம்பு. குடம்புளி ஐந்தாறு சுளையைக் கழுவி வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவையுங்கள். சட்டியில் தேங்காயெண்ணெய் காய்ந்ததும் கடுகு, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, சதைத்த சின்ன உள்ளி பதினைந்து, பூண்டு பன்னிரண்டு பல், ஒரு விரல்நீள இஞ்சி, கறிவேப்பிலை வதக்குங்கள். தீயைத் தணித்துவிட்டு, மூன்று மேசைக்கரண்டி மிளகாய்ப்பொடி, ஒன்று மல்லிப்பொடி, கொஞ்சம் மஞ்சள்பொடியைத் தண்ணீரில் குழைத்து ஊற்றுங்கள். பொடியை நேராக எண்ணெயில் போட்டால் கருகும். கருகினால் குழம்பு முழுக்கக் கசக்கும். எண்ணெய் தெளிந்து மேலே வந்ததும் மூன்று தம்ளர் தண்ணீர், புளி, உப்பு. பத்து நிமிடம் கொதித்த பிறகுதான் மீன். அதற்குமேல் கரண்டி போடக்கூடாது. சட்டியின் இரு காதையும் துணியால் பிடித்துச் சுழற்றிவிடுங்கள். பன்னிரண்டு நிமிடத்தில் இறக்கி, ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் வைக்காதீர்கள். புளிப்பு அலுமினியத்தை அரிக்கும், குழம்பில் உலோக வாடை ஏறும். மண்சட்டி என்றால், குளிர்ந்த சட்டியை எடுத்தவுடன் தீயில் வைத்தால் கீறிவிடும். ஒரு மணி நேரம் வெளியே இருக்கட்டும்.

அந்த இரண்டு சைவக்காரர்களுக்குத் தனியாக ஒரு பன்னீர் மசாலா செய்வது பெரும்பாலானவர்கள் செய்கிற தப்பு. அவர்களை ஒரு ஓரமாக உட்காரவைத்த மாதிரி ஆகிவிடும். எல்லாரும் விரும்பிக் கேட்கிற ஒன்றைச் சைவமாகச் செய்யுங்கள், அதற்குத்தான் உள்ளித்தீயல். ஒரு தேங்காயைத் துருவி, வற்றல் மிளகாய் எட்டு, மல்லி இரண்டு மேசைக்கரண்டி, நல்லமிளகு (மிளகு) அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை சேர்த்துச் சிறுதீயில் வறுக்கவேண்டும். இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும். முதலில் வெள்ளையாக இருக்கும், நீர் வற்றும், பொன்னிறமாகும். பொன்னிறத்தில் எல்லாரும் இறக்கிவிடுவார்கள். அங்கேதான் தீயல் வெறும் குழம்பாகிவிடுகிறது. இன்னும் கிண்டுங்கள். கருப்பட்டி நிறம் வந்து, வாசம் தெருவுக்குப் போகும்போது இறக்கி, உடனே வேறு தட்டில் கொட்டிவிடுங்கள். சட்டியின் சூடே கருக்கிவிடும். ஆறியதும் தண்ணீர் விடாமல் மிக்சியில் ஓட்டினால் எண்ணெய் கக்கி விழுதாகத் திரளும். இதைச் சனிக்கிழமையே செய்து வைக்கலாம். மறுநாள் நானூறு கிராம் சின்ன உள்ளியையும் இரண்டு வழுதலங்காயையும் (கத்தரிக்காய்) வதக்கி, எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, பச்சை வாசம் போனதும் விழுதைச் சேர்த்துக் கொதிக்கவிட்டால் போதும். உள்ளி உரிக்கக் கண் எரிந்தால் அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு உரியுங்கள். தீயல் கரண்டியும் மீன் கரண்டியும் கலக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு; சைவக்காரர்கள் கேட்கமாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள்.

இதுவரை சொன்னதில் கிழங்குத் தண்ணீரை வடிப்பது, ஐஸ் மீன், அலுமினியம் மூன்றும் அறிவியலும் அனுபவமும் ஒத்துப்போகிற விஷயங்கள். வேறு சிலவற்றில் எனக்கு அவ்வளவு உறுதி கிடையாது. மீன்குழம்பு மறுநாள் ருசி கூடும் என்பதை நாக்கு சொல்கிறது. உப்பும் புளியும் மெல்ல மெல்ல மீனுக்குள் இறங்குவதுதான் காரணம் என்பதும் நம்பும்படி இருக்கிறது. ஆனால் மண்சட்டியால்தான் ருசி என்பதை நான் சத்தியம் பண்ணமாட்டேன். சட்டி சூட்டைப் பிடித்துவைக்கும், அது நிச்சயம். மிச்சம் பாதி பாசமாக இருக்கலாம். மீனோடு மோர் குடித்தால் வெண்புள்ளி வரும் என்று யாராவது விருந்தில் கட்டாயம் சொல்வார்கள். ஆயுர்வேதத்தில் மீனும் பாலும் சேரக்கூடாதென்று உண்டு. ஆனால் வெண்புள்ளி உணவுச் சேர்க்கையால் வருவதற்கு இன்றைய மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. விருந்து நாளில் அந்த வழக்கைத் தீர்க்க வேண்டாம். மோரைத் தனிச் செம்பில் வையுங்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும். நான் சமையல்காரன், வைத்தியன் இல்லை. நண்பர்களில் சர்க்கரைக்காரர் இருந்தால் கிழங்கு முழுக்க மாவுச்சத்து என்பது அவருக்கே தெரிந்திருக்கும். அவருக்காகக் கொஞ்சம் சிறுபயறு அவித்துத் தேங்காய் போட்டுத் துவரன் (பொரியல்) செய்து வையுங்கள். யாருக்காவது மீன் ஒத்துக்கொள்ளாதா என்று வெள்ளிக்கிழமையே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இனிப்புக்கு அடைப்பிரதமன் (தேங்காய்ப்பால் பாயசம்) ஆசை வேண்டாம். தேங்காய்ப்பால் எடுத்தே கை ஓய்ந்துவிடும். மட்டிப்பழம் இரண்டு சீப்பு வாங்கி மேசையில் வையுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கின பழம், விரல் நீளம்தான் இருக்கும், வாசம் கூடம் முழுக்க நிற்கும். கூடவே சுக்குத் தட்டிப்போட்ட கருப்பட்டிக் காப்பி. பால் வேண்டாம்.

காசைப் பொறுத்தவரை, விலை நாளுக்கு நாள் மாறுவதால் ரூபாயில் சொல்லாமல் பங்கில் சொல்கிறேன். பாதியை மீனுக்கு ஒதுக்குங்கள். மீன் அன்று விலை கூடியிருந்தால் அயிலையிலிருந்து சாளைக்கு இறங்குங்கள், அளவைக் குறைக்காதீர்கள். மிச்சப் பாதியில் கிழங்கு, மூன்று தேங்காய், உள்ளி, பழம் எல்லாம் அடங்கவேண்டும். கையைக் கடிப்பது தேங்காயும் தேங்காயெண்ணெயும்தான்; தேவைப்பட்டால் கிழங்குக்கு ஒரு தேங்காயோடு நிறுத்திக்கொள்ளலாம், தீயலில் கை வைக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நேரம் இப்படிப் போகும்: நாலரைக்குக் கிழங்கு உரிக்க உட்காருங்கள், நறுக்கித் தண்ணீரில் போட்டுவையுங்கள். ஐந்தரைக்குத் தீயல் ஒரு அடுப்பில். ஆறேகாலுக்குப் பப்படம் பொரித்து டப்பாவில். ஆறரைக்கு ஒரு அடுப்பில் கிழங்கு, இன்னொன்றில் மீன்குழம்பு நன்றாகக் கொதிக்கும்வரை சூடேற்றல். ஏழேகாலுக்கு மயக்கி முடித்து மூடிவைத்துவிட்டுக் குளித்து வேறு சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஏழரைக்கு ஆள் வந்தாலும் எட்டேகாலுக்கு வந்தாலும் கவலையில்லை. அந்தப் பெரிய பாத்திரத்தில் கிழங்கு ஒரு மணி நேரம் சூடு ஆறாது.

கிழங்கு மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் தட்டையாகத் தட்டி, கல்லில் எண்ணெய் விட்டு இருபுறமும் முறுகவிடுங்கள்; கட்டன்சாயாவுக்கு நன்றாக இருக்கும். மீன் சட்டியை இரவே கழுவிவிடாதீர்கள். அடியில் ஒட்டின குழம்பைக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் அதைச் சூடாக்கி, இரண்டு கைப்பிடிச் சுடுசோற்றைச் சட்டியிலேயே போட்டுப் புரட்டிச் சாப்பிடுங்கள். அதை மட்டும் யாருக்கும் பரிமாறவேண்டாம்.